பூசைக்கு வைத்த லெப்டொப்

நடந்தது இந்த வரிசையில்:

1. ஆயுத பூசையன்று காலை எட்டரை மணிக்கு, என் பழைய லெப்டொப்பில் புதிய இயங்குதளம் ஒன்றைப் பதிய ஆரம்பித்தேன்.

2. அதற்கு ஒரு பென் டிரைவ் தேவைப்பட்டது. வீட்டில் இருந்தது ஒன்றுதான். அதில் அம்மாவின் படங்களுடைய பிரதி இருந்தது. அசல் லெப்டொப்பில் இருக்கிறதே என்று பிரதியை அழித்துவிட்டு, பதிய வேண்டியதை அதில் ஏற்றினேன்.

3. லெப்டொப்பின் பெட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வயரைக் கழற்றினால் அந்த நொடியே அணைந்துவிடும். இது எனக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

4. வன்தட்டில் இடம் ஒதுக்கும் வேலை ஓடத் தொடங்கியது. முடியும் வரை மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம் என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது. நான் வெளியே தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போனேன்.

5. திரும்பி வந்தபோது லெப்டொப் மேசையில் இல்லை. சாமிப் படத்துக்கு முன்னால் பலகையில், அப்பாவின் ரப்பர் பால் வெட்டும் கத்திக்கும் அம்மாவின் பால்மாக் கரண்டிக்கும் நடுவில், மூடி வைக்கப்பட்டிருந்தது. மூடியின் மேல் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ.

6. பூசையில் வைத்த பொருளை மறுநாள் காலை வரை தொடக் கூடாது.

கொழும்பில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். கோளாறு என்று யாராவது கூப்பிட்டால், முதலில் நடந்ததை வரிசையாக எழுதிக்கொள்வது எங்கள் பழக்கம். அன்று ஈரத் தலையோடு நின்றுகொண்டு மனதுக்குள் எழுதிய வரிசைதான் மேலே இருப்பது. இரண்டாவது வரிக்கு வந்தபோதுதான் பிரதியும் இல்லை என்பது உறைத்தது.

எங்கள் தோட்டம் கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் ஏறி வர வேண்டிய உயரத்தில் இருக்கிறது. மேலே தேயிலை, கீழே ரப்பர், நடுவில் எங்கள் வரிசை வீடுகளான லயங்கள். அப்பா ரப்பர் மலையில் பால் வெட்டுகிறார். அம்மா பிள்ளை மடுவத்து ஆயா. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஒரு பெரிய ஹோல், ஒரு சமையல் மூலை, கூரையிலிருந்து தொங்கும் தொட்டில்கள்.

கமரா வைத்த போன் ஒன்று கைக்கு வந்த வருடத்திலிருந்து அம்மாவுக்கு ஒரு வழக்கம். புதிதாக ஒரு பிள்ளை வந்தால், முதல் நாள், அழுகை ஓய்ந்த பிறகு ஒரு படம் எடுப்பார். பத்து மணிக்குப் பால் கொடுக்க வரும் தாய், மலையில் பாதி மனதை விட்டுவிட்டு, பாதி மனதோடு ஓடி வருவாள். அவளிடம் போனை நீட்டுவார். "இந்தா பாரு. நீ அந்தப் பக்கம் திரும்புன, இவன் இந்தப் பக்கம் சிரிச்சிட்டான். நீதான் சும்மா அழுதுக்கிட்டே போன."

அவ்வளவுதான் அந்தப் படங்களின் உபயோகம். ஆனால் அம்மா ஒன்றையும் அழிக்கவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் நான் அவற்றை லெப்டொப்பில் ஏற்றி, ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பிள்ளையின் பெயரை வைப்பேன். ஒருநாள் விடியற்காலையில் அப்பா வெளிச்சத்துக்காக அந்தப் போனை மலைக்குக் கொண்டுபோய்ப் பால் வாளிக்குள் போட்டுவிட்டார். பால் உறைந்து, போனும் ரப்பரும் ஒரே கட்டியாகி வந்தன. அப்பா அதைக் கத்தியால் சுரண்டி எடுத்து, துடைத்து, அம்மாவின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். அதன் பிறகு படங்கள் இருந்த இடம் லெப்டொப்பும் பென் டிரைவும் மட்டும்தான்.

அந்த மாதக் கடைசியில் அம்மாவுக்கு வேலையிலிருந்து ஓய்வு. கடைசி நாளில் ஒவ்வொரு தாயின் கையிலும் அவள் பிள்ளையின் முதல் நாள் படத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தோட்டம் முழுக்கச் சொல்லியும் விட்டார். பல வீடுகளில் பிள்ளைக்கு அந்த வயதில் எடுத்த படம் வேறு கிடையாது.

"அம்மா, இத யாரு எடுத்து வச்சது?"

"நாந்தான்" என்றார் அம்மா, சுண்டலைத் தாளித்துக்கொண்டே. "ஒனக்குச் சோறு போடுற சாமான் அதுதான? அத வச்சுக் கும்புடாம வேற எத வைக்கிறது?"

"அது ஓடிக்கிட்டு இருந்திச்சும்மா."

"எங்க ஓடிச்சு? நான் நின்னு நல்லாப் பாத்தேன். பேசாமத்தான் கெடந்திச்சு."

அப்பா சிரித்தார். "என் கத்திக்கே இன்னைக்கு லீவு. ஒன் பொட்டிக்கு மட்டும் லீவு இல்லையா?"

பக்கத்து வீட்டு அத்தை கடலைக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். என் கை பலகைப் பக்கம் நீள்வதைப் பார்த்துவிட்டார். "அடியே, தொட்றாத! கொழும்புக்குப் போனதுல இருந்து ஒனக்குக் கை சும்மா இருக்காது போல. சின்னப் புள்ளையில புஸ்தகத்தப் பூசையில வச்சா, அடுத்த நாளும் எடுக்க மாட்டேன்னு ஒளிஞ்சு திரிஞ்சவ நீ."

உண்மைதான். அந்த வயதில் வருடத்திலேயே பிடித்த நாள் அது. படிக்கக் கூடாது என்று பெரியவர்களே சொல்லும் ஒரே நாள். கணக்குப் புத்தகத்தை அடியில் வைத்து, மேலே மற்றவற்றை அடுக்கி, அது வெளியே வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு கும்பிடுவேன். ஓடையில் நண்டு பிடித்துவிட்டு இருட்டும்போது வருவேன். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கையை இழுத்துக்கொண்டேன். அணைந்தது அணைந்ததுதான். இப்படிப்பட்ட நிலையில் வன்தட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் சும்மா விடுவதுதான் நல்லது என்று அலுவலகத்தில் மற்றவர்களுக்கு நானே சொல்வேன். ஆகவே சும்மா விட்டேன். ஆனால் அம்மாவிடமும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சுண்டல் தின்றேன். எந்தப் படம் யாருக்கு என்று அம்மா விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி, லெப்டொப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றி என்னிடம் தந்தார் அம்மா. "ஹரி, இப்பப் போடு."

போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி.

"என்னா எழுதியிருக்கு?"

"தொடங்குறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லையாம்."

"அப்ப படமெல்லாம்?"

பென் டிரைவை அழித்ததைச் சொன்னேன். வயரைக் கழற்றினால் அணைந்துவிடும் என்பதையும் சொன்னேன். அம்மா மடுவத்துக்குக் கிளம்பிய நிலையில் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் புடுங்குனதாலதானா?"

"நீங்க புடுங்குனதாலயும்தான். நான் இன்னொரு கொப்பி எடுக்காததாலயும்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும், ஒங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல."

வாசலில் இறங்கிய அம்மா திரும்பி, "அவங்ககிட்ட எல்லாம் நான் வாய் விட்டுச் சொல்லிட்டேனே" என்றார். பிறகு போய்விட்டார்.

நான் பஸ்ஸில் கஹவத்தைக்குப் போய்ப் பெரிய பென் டிரைவ் ஒன்று வாங்கி வந்தேன். லெப்டொப்பின் தொடக்க அமைப்புக்குள் போய், வன்தட்டுக்கு முன்னால் பழைய பென் டிரைவிலிருந்து தொடங்கும்படி மாற்றினேன். தொடங்கியது. உள்ளே பார்த்தால், படங்கள் இருந்த பகுதி பாதி நகர்த்தப்பட்ட நிலையில் நின்றிருந்தது. வீடு மாறும்போது நடுவழியில் லொறி நின்றுபோன மாதிரி. கோப்புகளின் பட்டியல் போய்விட்டது. கோப்புகள் போயினவா என்பது வன்தட்டு முழுவதும் தேடினால்தான் தெரியும்.

தேடும் கருவியை ஓட விட்டு, வயருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான்கு மணி நேரம். நடுவில் அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள, பொட்டிக்குப் பேய் புடிச்சிருச்சா? பூசாரியக் கூப்புடவா?"

"கூப்புடுங்க அத்த. வர்றப்ப மறக்காம ஒரு பெட்டரி கொண்டாரச் சொல்லுங்க."

"வாயப் பாரு" என்று சொல்லிவிட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பிற்பகல் மூன்று மணி அளவில் முதல் படம் திரையில் வந்தது. பச்சைப் பெஞ்சில் ஒரு குழந்தை, கன்னத்தில் கண்ணீர்க் கோடு காயாமல். அதன் பின் நூறு, இருநூறு என்று வந்தன. சில பாதி சாம்பல் நிறமாக வந்தன, சில திறக்கவே இல்லை. ஆனால் பெரும்பாலானவை முழுதாக வந்தன. ஒரே குறை: எதற்கும் பெயர் இல்லை. நான் வைத்த பெயர்கள் எல்லாம் அந்தப் பட்டியலோடு போய், ஒவ்வொரு படமும் வெறும் எண்ணாக, வரிசையும் குலைந்து வந்தது.

படங்களைப் புதிய பென் டிரைவில் சேர்த்த பிறகு இயங்குதளத்தை முதலிலிருந்து பதிந்தேன். முடிந்து மறுபடி தொடங்கினால் மறுபடியும் கறுப்புத் திரை. மூன்று தடவை. பிறகுதான் புரிந்தது. இந்த லெப்டொப் பழைய முறை, புதிய முறை என இரண்டு விதமாகத் தொடங்கும். நான் பதிந்தது புதிய முறையில். வன்தட்டைப் பழைய முறையில் தேடும்படி அமைப்பு இருந்தது. அதை மாற்றியதும் தொடங்கியது. இதே தவறை அலுவலகத்தில் வேறு ஒருவர் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

வேலை விட்டு வந்த அம்மாவிடம், படங்கள் இருக்கின்றன, எது யார் என்பதுதான் இல்லை என்றேன்.

அம்மா குடையைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "காட்டு."

நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அம்மா சொல்லச் சொல்லப் பெயரைத் தட்டினேன். பெயர்களை இங்கே எழுதவில்லை. அவை அவர்களுடையவை.

"இது மூணாம் லயத்துக் கடைசி வூடு. காதப் பாரு, அவங்கப்பனுக்கும் இதே காதுதான். அடுத்தது... இந்தக் கவுன மூணு புள்ளைங்க போட்டிச்சு. அக்காக்காரி, தங்கச்சி, பொறகு பக்கத்து வூட்டுக்குக் குடுத்தாங்க. இதுல ஓரம் பிரிஞ்சிருக்கு பாரு, அப்ப இது தங்கச்சி."

"இது?"

"அட, இவனா! இவன் ஆறு மாசமும் அழுதான். இந்தப் படம் எடுக்குறதுக்குன்னே ஒரு நிமிசம் நிறுத்துனான், படுவா."

அப்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "இது நம்ம சங்கத் தலைவர் மகன்தான?" என்றார்.

"சும்மா இருங்க. பால் வாளிக்குள்ள போன் போட்டவருக்கெல்லாம் இங்க பேச்சு இல்ல."

மூன்று மாலைகள் இப்படிப் போயின. லீவை இரண்டு நாள் நீட்டினேன். முன்பு பெயர் வைத்தபோதெல்லாம் படம் எடுத்த வரிசைப்படி அம்மா அடுப்படியிலிருந்து பெயரை மட்டும் கூவுவார், நான் தட்டுவேன். முகத்தைப் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்தேன். நான் படிக்கப் போன பிறகு பிறந்தவர்கள் பலர். எனக்குத் தெரிந்த லயத்தில் எனக்குத் தெரியாத ஒரு முழுத் தலைமுறை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. சில படங்களின் ஓரத்தில் அம்மாவின் கை தெரிந்தது, குழந்தை சரியாமல் பிடித்தபடி. ஆரம்பத்துப் படங்களில் அந்தக் கையில் கண்ணாடி வளையல்கள். பிற்பட்டவற்றில் இல்லை. ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். "புள்ளைங்களுக்குக் குத்துதுன்னு" என்றார், அடுத்த படத்தைத் திறக்கச் சொல்லி.

கொழும்பில் என் அறையில் சில மாலைகளில் அந்த மூன்று நாட்கள் நினைவுக்கு வருகின்றன. கூரையில் மழை, அடுப்பில் ரொட்டி கருகும் வாசம், அதை யாரும் திருப்பிப் போடாதது. வீட்டுக்குப் போகும்போது அந்த நேரம் திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் போனால் அம்மா தூங்குகிறார், அல்லது கோயிலுக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு எங்களுக்கு அப்படி ஒரு வேலை பிறகு அமையவில்லை.

சில படங்களில் அம்மாவும் நின்றுவிட்டார். உற்றுப் பார்த்தார், பெரிதாக்கச் சொன்னார், கண்ணாடியைத் துடைத்தார். "தெரியலையே" என்றார். தாமே வளர்த்த ஒரு பிள்ளையைத் தெரியவில்லை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. படங்கள் போய்விட்டன என்று கேட்டபோது அழாதவர், அதற்கு அழுதார்.

"தப்பாச் சொல்லிறக் கூடாது புள்ள. வேற ஒருத்தி புள்ளையக் கையில குடுத்தா என்னா நெனைப்பா?"

ஊகித்து எழுத வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இன்றைய நிலை இது. அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். முந்நூற்று நாற்பது படங்கள் உரியவர்களின் கைக்குப் போயின. பதினெட்டு படங்கள் திறக்கவில்லை. படம் கிடைக்காத வீடுகளுக்கெல்லாம் அம்மாவே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பெயர் தெரியாதவை பன்னிரண்டு. அவற்றை அச்சிட்டு மடுவத்துச் சுவரில் ஒட்டினோம். தாய்மார் வந்து பார்த்து ஐந்தைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மீதி ஏழு இன்னும் சுவரில் இருக்கின்றன.