மயில்கழுத்து வண்டியின் அடிப்பக்கம்

ஆரணியில் சூர்யகலாவின் கண்ணுக்குப் பயப்படாத நெசவாளி கிடையாது. ராஜவேலுவின் பட்டுச்சேலைக் கடையில் இருபத்து நான்கு வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். நெய்து வரும் சேலைகளைப் பார்த்து, நல்லது எது, டேமேஜ் எது என்று பிரிக்க வேண்டும். சேலையை விரித்ததும் ஊரெல்லாம் முந்தியைப் பார்த்து வாயைப் பிளக்கும். அவள் முதல் காரியமாகச் சேலையைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பார்ப்பாள். ஜரிகை பிசிறு தொங்குகிறதா, அறுந்த இழையை ஒழுங்காக முடிந்திருக்கிறதா, பார்டர் சேருமிடத்தில் நூல் தொளதொளவென்று ஓடுகிறதா, எல்லாம் அங்கேதான் தெரியும். "உள்பக்கத்த யாரும்மா பாக்கப் போறாங்க?" என்று வாரத்துக்கு ஒருவராவது அவளிடம் சலித்துக்கொள்வார். "நான் பாக்கறேன் இல்ல?" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இவ்வளவு கறாரான பெண்மணி, தான் கட்டுவது என்ன சேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். எல்லாம் டேமேஜ் சேலை. கடையில் கழித்துக் கட்டியதை முதலாளி பாதி விலைக்குத் தருவார். சொந்தக்காரர் கல்யாணத்திலிருந்து மகள் இனியாவின் சீமந்தம் வரைக்கும் அதுதான் அவளுக்குப் பட்டு. குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. அந்த இடம் கொசுவத்துக்குள் மறைகிற மாதிரி நேர்த்தியாகக் கட்டிக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியுமே! பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கும்போதுகூட அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

அவளுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. அது மோட்டார்சைக்கிள். பதினாறு வயதில் அப்பாவின் பால் வண்டியில் கற்றுக்கொண்டவள், கல்யாணமான பிறகு புருஷன் குமரேசனின் பைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். தேவிகாபுரம் பக்கத்துத் தறிக்காரர்களிடம் சேலை வாங்கிவர வாரத்தில் மூன்று நாள் அதில்தான் போவாள். "ஸ்கூட்டி வாங்கிக்கயேன்" என்று சொன்னவர்களுக்கெல்லாம் ஒரு முறைப்புதான் பதில். அந்தப் பைக் போன தை மாதம் நடுரோட்டில் உயிரை விட்டது. அவள் கட்டிவந்த சீட்டுப் பணமும் அதே மாதம் கைக்கு வந்தது. இனி யோசிக்க என்ன இருக்கிறது? புது வண்டி, அதுவும் தன் பெயரில் என்று முடிவெடுத்துவிட்டாள்.

ராஜாளி என்கிற வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் வீட்டில் சண்டை இல்லை. அதில் எந்த ராஜாளி என்பதில்தான் வந்தது. சாதா ராஜாளி ஒன்று. கம்பெனியே பார்த்துப் பார்த்து அலங்கரித்து அனுப்பும் ஃபேக்டரி கஸ்டம் என்று இன்னொன்று. தாழ்ந்த சீட்டு, அகலமான ஹேண்டில்பார், செம்பு நிறச் சைலன்சர். போதாக்குறைக்கு ஒரு நிறம். போனில் அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சூர்யகலாவுக்கு மூச்சு நின்றது. ஒரு பக்கம் நீலம், திரும்பினால் பச்சை. அசல் மயில்கழுத்து! நீள இழையான பாவு ஒரு நிறம், குறுக்கிழையான ஊடை ஒரு நிறம் வைத்து நெய்தால் பட்டில் வருமே, அதேதான். விலை மட்டும் சாதா வண்டியைவிட அறுபத்தைந்தாயிரம் கூடுதல்.

களம்பூர் அரிசி மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் குமரேசன் கஞ்சர் இல்லை. ஆனால் கணக்கில்லாத செலவு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

"அறுவத்தஞ்சாயிரம் இன்னாத்துக்கு ஜாஸ்தி? பெயிண்டுக்கா? இஞ்சின் அதே இஞ்சின், சக்கரம் அதே சக்கரம். சாதா வண்டிய எடுத்து நம்ம விக்னேஷாண்ட வுட்டா இருவதாயிரத்துல அச்சு அசலா பண்ணிக் குடுத்துடுவான்."

நியாயம்தானே என்று அவளுக்கும் தோன்றியது. மறுநாளே வேலூர் ரோட்டில் இருக்கும் விக்னேஷின் பட்டறைக்குப் போனாள். வண்டிகளுக்கு விதவிதமாகப் பெயிண்ட் அடிப்பதில் கெட்டிக்காரன். போன வாரம் முடித்த வண்டி ஒன்று பளபளவென்று நின்றது. சூர்யகலா அதைச் சுற்றி ஒரு தடவைகூட நடக்கவில்லை. நேரே குனிந்து மட்கார்டுக்கு அடியில் பார்த்தாள். பழைய கறுப்பு அப்படியே இருந்தது. ஓரத்தில் புதுப் பெயிண்ட் வழிந்து திட்டுத்திட்டாக உறைந்திருந்தது.

விக்னேஷ் கபடமில்லாமல் சிரித்தான். "அடிய யாருக்கா பாக்கப் போறாங்க?"

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. சொன்ன விலைக்கு அவன் செய்த வேலை சரியான வேலை. தன்மேல்தான் கோபம். ஊரார் வாங்கும் சேலையில் ஒரு பிசிறு விடாதவள், தனக்கென்று வரும்போது மட்டும் வெளிப்பக்கம் நன்றாக இருந்தால் போதும் என்று கிளம்பி வந்திருக்கிறாளே!

அன்றைக்குச் சாப்பிடும்போது புருஷனிடம் சொல்லிவிட்டாள். "இத்தன வருஷமா டேமேஜே போதும்னு காலத்த ஓட்டிகினு இருந்தேன். இது ஒன்னாவது குத்தமில்லாம வேணுங்க எனக்கு."

குமரேசன் சாதத்தில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிப் பிசைந்தார். பிறகு, "கம்பெனிக்காரன் மட்டும் அடில ஒழுங்கா பண்ணியிருப்பான்னு இன்னா நிச்சயம்? போய் பாக்கலாம். அடிப்பக்கமும் நல்லா இருந்தா அதயே வாங்கிக்க. இல்லனா சாதா வண்டிதான். அப்பறம் பேஜார் பண்ணக்கூடாது" என்றார்.

"பண்ண மாட்டேன்" என்றாள். இரண்டு பேரும் மனதுக்குள் தாமே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு தூங்கப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் ஷோரூமுக்குப் போனார்கள். அருள்ராஜ் என்கிற இளம் சேல்ஸ்மேன் குமரேசனைப் பார்த்துக் கும்பிட்டு, குமரேசனுக்கே வண்டியின் பெருமைகளை அடுக்க ஆரம்பித்தான். வாங்கப்போவது யார் என்று தெரிந்ததும் பாவம், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தான். மயில்கழுத்து ராஜாளி விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டு நின்றது. குமரேசனுக்கே ஒரு கணம் ஆசை வந்துவிட்டது.

"ஒரு பேப்பர் இருந்தா குடு தம்பி" என்றாள் சூர்யகலா.

கையெழுத்துப் போடத்தான் கேட்கிறாள் என்று அவன் ஆர்டர் ஃபாரத்தை நீட்டினான். அவள் கேட்டது செய்தித்தாள். அதைத் தரையில் விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மல்லாக்கப் படுத்து வண்டிக்கடியில் தலையை நுழைத்தாள். ஷோரூமில் இருந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். குமரேசன் சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினார்.

போன் டார்ச்சை அடித்து அவள் நிதானமாகப் பார்த்தாள். மட்கார்டின் உள்ளே கறுப்பு. டேங்கின் அடியில் மயில்கழுத்து நிறம் பாதியில் நின்றிருந்தது. போல்ட்டின் தலையிலும் பெயிண்ட் ஏறியிருந்தது. அப்படியானால் கழற்றாமல் மாட்டியபடியே அடித்திருக்கிறார்கள். சீட்டைத் தடவினாள். இடது பக்கத் தையல் ஒரு நெருக்கம், வலது பக்கம் வேறு நெருக்கம். எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"இது கம்பெனியில பண்ண வண்டி இல்ல தம்பி."

அருள்ராஜ் உள்ளே எட்டிக் குரல் கொடுத்தான். உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். "இன்னாம்மா, பட்டுப்பொடவயா இது, திருப்பிப் போட்டு பாக்கறதுக்கு? நீங்க உக்காருங்க, நான் சாராண்ட பேசிக்கறேன்."

டயர் விளம்பரம் அதோடு முடிந்தது. குமரேசன் விடுவிடுவென்று வந்தார். "என்னாண்ட இன்னா பேசறது? வண்டி அவங்களுக்கு. அவங்க கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க."

அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். குரலை உயர்த்தவில்லை. சேலையில் டேமேஜைக் காட்டும்போது நெசவாளியிடம் எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் பேசினாள். பெயிண்ட் இங்கே நின்றிருக்கிறது, இந்தப் போல்ட்டைக் கழற்றவில்லை, இந்தச் சீட்டு வேறு கடையில் தைத்தது. மேனேஜர் முதலில் சிரித்தார், பிறகு விறைத்தார், அதற்குப் பிறகு கர்ச்சீப்பை எடுத்தார். கடைசியில் உண்மை வந்தது. ஒரிஜினல் வர இரண்டு மாதமாகும். வருகிறவர்கள் ஏமாந்து போகக்கூடாதென்று சாதா வண்டி ஒன்றை இங்கேயே அப்படி மாற்றி நிறுத்தியிருக்கிறார்கள். ஏமாந்து போகக்கூடாதாம்! காதில் பூ சுற்றுவதிலும் ஒரு கரிசனம் பாருங்கள்.

"சரிம்மா, உங்களுக்காக நாப்பதாயிரம் கொறச்சுக்கறேன். இதயே எடுத்துக்குங்க. ரோட்ல போனா யாராலயும் கண்டுபுடிக்க முடியாது" என்றார் மேனேஜர்.

பெரிய தொகைதான். சூர்யகலா அந்த வண்டியைப் பார்த்தாள். உண்மையிலேயே அழகாக இருந்தது. குறை எங்கே என்று தெரியும், அதை மறைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிற வித்தையும் தெரியும். அதில் அவளுக்கு இருபத்து நான்கு வருடப் பழக்கம். இதையே ஓட்டிக்கொண்டு போனால் ஆரணியே திரும்பிப் பார்க்கும். அவள் மட்டும் தினமும் அந்தப் போல்ட்டை நினைத்துக்கொண்டு ஓட்டுவாள்.

"வேணாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் பந்தயம் ஞாபகம் வந்தது. அடிப்பக்கம் சரியில்லை என்றால் சாதா வண்டி. பேஜார் பண்ணமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டதே.

குமரேசன் மேனேஜரிடம் திரும்பினார். "ஒரிஜினலுக்கு அட்வான்ஸ் எவ்ளோ?"

"இன்னாங்க?" என்றாள் அவள்.

"நீ பாத்தது டூப்ளிகேட்டோட அடி. ஒரிஜினலோட அடிய இன்னும் யாரும் பாக்கல. பந்தயம் எங்க முடிஞ்சுது?"

அவளுக்கு அந்த இடத்திலேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வேலூர் ஷோரூமில் அதெல்லாம் முடியாது என்பதால் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அட்வான்ஸ் ரசீதை வாங்கும்போது, டூப்ளிகேட்டை அந்த இடத்தைவிட்டு எடுத்தால்தான் பணம் என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவள் கண்ணெதிரிலேயே அருள்ராஜ் அதைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனான்.

இரண்டு மாதம் என்றவர்கள் எழுபது நாள் இழுத்தார்கள். அதுவரைக்கும் தேவிகாபுரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். வண்டி எங்கே என்று கேலி செய்தவர்களிடம், "நெய்துகினு இருக்காங்க" என்பாள்.

வண்டி வந்த அன்றைக்கு அருள்ராஜே செய்தித்தாளை விரித்து வைத்திருந்தான். அவள் படுத்துப் பார்த்தாள். குந்திப் பார்த்தாள். டார்ச்சை நாலு பக்கமும் அடித்துப் பார்த்தாள். மட்கார்டின் உள்ளே மயில்கழுத்து நிறம் ஓரம் வரைக்கும் ஒரே சீராக ஓடியது. டேங்கின் அடியில், கை மட்டுமே நுழையக்கூடிய இடத்தில், மேலே இருந்த அதே வழவழப்பு. போல்ட் எல்லாம் சுத்தம். முக்கால் மணி நேரம் முயன்று பார்த்தும் அவளால் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. யாரோ முகம் தெரியாத ஒரு தொழிலாளி, ஒருவரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் செய்திருக்கிறான். அவனுக்கு மனசாரக் கும்பிடு போட்டாள்.

"இன்னா, டேமேஜ்னு தள்ளிடலாமா?" என்று கேட்டார் குமரேசன்.

"ஒன்னுமே இல்லீங்க. ஒரு பிசிறு இல்ல" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு, "பின்னாடி உக்காருங்க" என்றாள்.

ஆரணிக்குத் திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நிறுத்திய மறுநிமிடம் கூட்டம் சேர்ந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள், காய் வாங்க வந்தவர்கள், எல்லோரும் டேங்கில் முகம் பார்த்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் போனில் தேடி விலையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சாதா வண்டியவிட அறுவத்தஞ்சாயிரம் ஜாஸ்தி போட்டுக்கீது! பெயிண்டுக்குப் போய் இவ்ளோ குடுக்கறதா? இன்னா சார், இது நியாயமா?" என்று அவர் குமரேசனைப் பிடித்துக்கொண்டார்.

சூர்யகலா கண்ணாடி டம்ளரை வாயருகே வைத்தபடி புருஷன் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தாள். குமரேசன் டீயை பெஞ்சில் வைத்தார். சலவை பேண்ட்டோடு தரையில் மண்டியிட்டு, மட்கார்டுக்கு அடியில் போன் டார்ச்சை அடித்தார்.

"மேல இன்னாத்த பாத்துகினு? இங்க வந்து குனிஞ்சு பாருங்க."

வேட்டிக்காரர் குனிந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் குனிந்தார்கள். சூர்யகலா இன்னொரு டீ சொன்னாள்.