பீடத்தில் வைக்காத நெல்

அந்த ஊரை இறங்கிய நிமிடத்திலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு மூலையில் கிடக்கிற சின்ன ஊர். பெரிய தேவாலயம் ஒன்று இருப்பதால் அதை நகரம் என்கிறார்கள். அச்சரப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற கூட்டம்கூட அந்தத் தெருக்களில் கிடையாது. ஈரக் கம்பளி வாடை. ஆற்றில் இலை அழுகும் வாடை. அதன் மேல், மூலைக் கடையில் மீன் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெயின் வாடை. மழைகூட ஒழுங்காகப் பெய்யவில்லை, எச்சில் தெறிக்கிற மாதிரி தெறித்துக்கொண்டிருந்தது.

நான் மாமல்லபுரத்தில் குடியிருப்பவன். வருடம் முழுக்க வெள்ளைக்காரர்கள் சிவந்த கழுத்தோடு வந்து எங்கள் பாறைகளுக்கு முன்னால் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மதிக்கிறேன் என்கிற சிரிப்பு. பார்த்தாலே எனக்குக் குமட்டும். அன்று காலை ஒரு பன் கடைக் கண்ணாடியில் பார்த்தேன், அதே சிரிப்பு என் மூஞ்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்தேன். போகவில்லை.

அக்கா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவளுக்கு ஒரு வேலை இருந்தது.

அவள் மகன், என் மருமகன், அந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். முன்பின் தெரியாத கிழவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அவன் அனுப்பியதில்தான் அச்சரப்பாக்கம் பக்கம் ஏரிக்குக் கீழே அரை ஏக்கர் வாங்கினாள் அக்கா. அந்த ஏரிக்குக் கீழே எங்கள் அம்மா நாற்று நடாத வயல் கிடையாது, அப்பா கதிர் அறுக்காத வயல் கிடையாது. அவர்கள் பேரில் ஒரு சென்ட் இருந்ததும் கிடையாது. சொந்த நிலத்தின் முதல் அறுப்பில் முதல் படி நெல்லை, மகனுக்குச் சோறு போடுகிற ஊரின் சர்ச்சில் வைப்பதாகப் பொருத்தனை செய்திருந்தாள்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அப்படித்தான். விளைந்ததில் முதல் பங்கைப் பீடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் மனசில்லாமல் கொடுத்ததாக அர்த்தம். கூலி வேலை செய்த காலமெல்லாம் நாங்கள் வைத்தது சந்தையில் வாங்கிய பூசணிக்காய்.

மஞ்சப்பையில் நெல்லைக் கட்டி, சூட்கேஸில் புடவை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மகனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். விதை, தானியம் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று விமான நிலையத்தில் பலகை வைத்திருந்தார்கள். படித்தேன். அவளுக்குப் படித்துச் சொல்லவில்லை.

தேவாலய வாசலில் டிக்கெட் கொடுத்தார்கள்.

“இன்னாடா இது, ஜெபம் பண்ண டிக்கெட்டா? சினிமா கொட்டாயா இது?”

“ம்மா, மெதுவா பேசு.”

“மெதுவா பேசுனா டிக்கெட்டு வாணாம்னுடுவானா?”

சொல்லிக்கொண்டே செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டாள். மருமகன் குனிந்து அதை அவள் காலருகே தள்ளினான்.

“போட்டுக்கம்மா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். ஷூவோட உள்ள போறவங்கள நான் பாக்கல?”

உள்ளே தரையெல்லாம் கல்லறை. செத்தவர்களின் பெயர்கள்மேல் ஜனங்கள் ஈர ஷூவோடு நடந்தார்கள். மூக்கு உடைந்த பிஷப் ஒருவர் கல்லாகப் படுத்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டது. பக்கத்துக் கூடத்தில் சூப் விற்றார்கள், வேகிற வெங்காய வாடை தூண்வரை ஏறியிருந்தது. சுவரில் ஒரு பளிங்குப் பலகை. யாரோ இளம் அதிகாரி மதராஸில் காய்ச்சலில் செத்தானாம். அந்த ஊரின் கொடிய சீதோஷ்ணம் அவனைக் கொன்றதாகப் பொறித்திருந்தார்கள். அங்கே எதற்குப் போனான் என்று பொறிக்கவில்லை.

நான் அதைப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா பீடத்துக்கு முன்னால் இருந்த படியில் மஞ்சப்பையை வைத்துவிட்டாள். முழங்காலிட்டு எழுந்து, எங்களைக் கடந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நாங்களும் பின்னால் போனோம். மருமகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் பையைக் கவனிக்கவில்லை.

வெளி முற்றத்தைச் சுற்றி முடிப்பதற்குள் மணி அடித்தது. ஒலிபெருக்கியில் யாரோ நிதானமாக ஏதோ சொன்னார்கள். சூப் குடித்தவர்கள், போட்டோ எடுத்தவர்கள் எல்லோரையும் புல்வெளிக்கு அனுப்பி, வாசலில் குறுக்கே நாடா கட்டினார்கள்.

“இன்னாவாம்டா?”

“எவனோ ஒரு பைய உள்ளாரயே வுட்டுட்டுப் போயிட்டானாம். குண்டு கிண்டு இருக்குமோன்னு பாக்கறாங்க.”

அக்கா சிரித்தாள். “எவனோ இல்லடா. நான்தான். நம்ம கழனி நெல்லு.”

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி இழுத்தான்.

“மாமா, நெல்லெல்லாம் எடுத்தாரவே கூடாது. கேட்டா யாரு வூட்டுக்கு வந்தாங்கன்னு என்னத்தான் புடிப்பான். விசா மேட்டரு மாமா. வாயத் தொறக்காதீங்க. அவங்களே எடுத்துப் போட்டுடுவாங்க.”

“அக்கா, கொஞ்சம் சும்மா இரு” என்றேன் நான்.

“நான் இன்னா திருடிகினா வந்தேன்? குடுத்துட்டு வந்தேன். ஊரையே வெளிய நிக்க வெச்சிகினு இருக்காங்க, போயி சொல்ல வாணாமா?”

புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் வெறுங்காலோடு போனாள். மருமகன் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று போனைப் பார்க்க ஆரம்பித்தான். நான் என் ஷூ நுனியைப் பார்த்தேன். அக்கா நாடாவைத் தூக்கிக்கொண்டு குனிந்தாள், வாக்கி டாக்கி வைத்திருந்த ஒருவன் கை நீட்டித் தடுத்தான்.

“ஐயா, பயப்படாதீங்க. நெல்லு. எங்க கழனி நெல்லு.” கதிர் அறுப்பதுபோல் காட்டினாள். அள்ளி வாயில் போடுவதுபோல் காட்டினாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர்கள் போட்டோ எடுப்பதற்குள் அவளைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்றுதான் நான் போனேன், அவளுக்காகப் போகவில்லை.

கறுப்பு அங்கி போட்ட வயசாளி ஒருவர் உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்தார். முடிச்சை அவிழ்த்து, விரலால் கிளறி, எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று கண்டுகொண்டு என்னிடம் கேட்டார், பறவைகளுக்குப் போடுவதா என்று.

“ஆமாம்” என்றேன். “புறாக்களுக்கு.”

அவர் நிம்மதியாகச் சிரித்தார், வாக்கி டாக்கிக்காரனும் சிரித்தான். உள்ளே வைக்க முடியாது, எலி வரும், தவறாக நினைக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிப் பையை இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கொடுத்ததைத் திரும்ப வாங்கினால், கர்த்தர் வேண்டாம் என்று தள்ளிவிட்டதாக ஆகிவிடும். அவர் பையை என் கையில் கொடுத்தார்.

“இன்னா சொன்னாரு?” என்றாள். “ஏத்துக்கலியா?”

“ஏத்துக்கினாரு. ரொம்ப சந்தோஷம்னாரு. நம்ம கையாலயே உள்ள வெக்கணுமாம். நீ இரு, நான் வெச்சிட்டு வர்றேன்.”

“முன்னாடியே வெய்யி. தூணாண்ட வெச்சிடாத.”

நாடாவை அவிழ்த்தார்கள். கூட்டத்தோடு உள்ளே போய், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, சூப் விற்கிற இடத்துக்குப் பின்னால் இருந்த குப்பைத்தொட்டியைத் திறந்தேன். கடித்துவிட்டுப் போட்ட சாண்ட்விச், பேப்பர் கப், பால் வாடை. பையை வைத்தேன், மஞ்சள் வெளியே தெரிந்தது. கையை விட்டு அமுக்கினேன். ஏதோ வெள்ளையாக, குளிர்ச்சியாக, கொழகொழவென்று விரலிடுக்கில் ஏறியது. பேன்ட்டில் தேய்த்துக்கொண்டு, வந்த வழியாகவே முன்வாசலுக்கு வந்தேன்.

அக்கா அதே இடத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். மருமகன் அவள் செருப்பைக் கையில் வைத்திருந்தான்.

“வெச்சிட்டியா? திரும்பிப் பாக்கலியே?”

“பாக்கல.”

என் வலது கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்வதற்குள் ஒற்றிவிட்டாள். அவள் இமையில் அந்த வெள்ளை ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

மருமகன் பார்த்தான், முதலில் இமையை, பிறகு என் கையை. பாக்கெட்டிலிருந்து டிஷ்யூ எடுத்தான்.

“ம்மா, கண்ணுல என்னமோ ஒட்டிகினு கீது, இரு” என்று சொல்லித் துடைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஊர் திரும்புகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை.

ஊரில் அந்த வருட அறுப்பின் பண்டிகையில் அக்கா மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாள். அரை ஏக்கரில் விளைந்த முதல் படி நெல் இங்கிலாந்தின் பெரிய சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் இருக்கிறது, அங்கிருந்த ஐயா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் என்றாள். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. நானும் சொன்னேன், சத்தமாகவே. நாக்கில் பால் வாடை அடித்தது.

போன வாரம் மாமல்லபுரத்துக்கு என் வீட்டுக்கு வந்து, இந்த அறுப்பின் முதல் படியை மஞ்சப்பையில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கிறிஸ்மஸுக்கு மருமகன் லீவில் வருகிறான், திரும்பிப் போகிறபோது நானும் கூடப் போக வேண்டுமாம்.

“அவன் கையில குடுத்தனுப்பேன்” என்றேன்.

“அவன் சின்னப் பையன், பயந்துப்பான். உன் கையாலதான் வெக்கணும்.”

வாங்கிக்கொண்டேன். பை என் மேஜைமேல் இருக்கிறது.