கறுப்பனுக்கு யார் சொல்வது

ரொட்டி ஆலையின் சாப்பாட்டு அறையில் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது சிட்னியிலிருந்து யோகனின் தங்கை சாந்தி அழைத்தார். "அண்ணா, எங்கட யோகண்ணா போயிட்டார்." காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று யோகன் தானே ஆம்புலன்சை அழைத்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் டப்பாவை மூடிவிட்டு மறுபடியும் வேலைக்குப் போனேன். அரை மணி நேரம் ரொட்டி அடுக்கிய பிறகுதான் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

2009இல் நான் டார்னெய்ட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து எங்களுக்குப் பழக்கம். அவர் யாழ்ப்பாணம், நான் திருநெல்வேலி. ஆலையில் ஒரே இயந்திரத்தின் இரண்டு முனைகளில் நின்றோம். ஊருக்கு வெளியே யோகன் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து ஆடு வளர்த்தார். குட்டிகளை நரி தூக்கிப்போனதால் காவலுக்கு, ஒட்டகச் சாதியைச் சேர்ந்த இரண்டு லாமாக்களை வாங்கினார்: கறுப்பன், வெள்ளையன். ஆடுகளை விற்ற பிறகும் அவை இரண்டும் இருந்தன. 'யோகன்ரை ஒட்டகம்' என்று, இதைப் படிக்கும் டார்னெய்ட் தமிழர்களே, உங்களில் பலர் கேலி செய்தீர்கள். நானும் சளைக்கவில்லை.

முதல் நாளே நான் கறுப்பனின் முகத்தைத் தடவப் போய், சட்டை முழுக்கப் பச்சையாகத் துப்பல் வாங்கினேன். யோகன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது நாயில்லை ஐசே. தடவ வேண்டாம். பக்கத்தில நிண்டாலே காணும்." அவரும் மனிதர்களிடம் அப்படித்தான். என் மனைவியின் அறுவை சிகிச்சையன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு மணி நேரம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆறுதல் வார்த்தை கூடச் சொல்லவில்லை.

ஒரு கோடையில் அனல் காற்று வீசியபோது வெள்ளையன் வாயைத் திறந்து மூச்சிரைத்தது. பாவமே என்று நான் குழாயை எடுத்து அதன் முதுகில் தண்ணீர் பீய்ச்சினேன். கொட்டகையிலிருந்து யோகன் ஓடி வந்தார். "முதுகில ஊத்தாதையும்! வயித்துக்குக் கீழ அடியும்!" முதுகு ரோமம் நனைந்தால் சூட்டை உள்ளேயே அடைத்துவிடுமாம், ரோமம் குறைந்த அடிவயிற்றிலும் கால்களிலும்தான் குளிர்ச்சி ஏறுமாம். ஆசையாகச் செய்கிறோம் என்று கொல்லப் பார்த்திருக்கிறேன். அதன்பின் நான்கு நாள் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

வெள்ளையன் வயதாகி ஒரு குளிர்காலத்தில் செத்தது. குழி தோண்டும் இயந்திரக்காரர் வந்து நின்றார். யோகன் உடலைத் தொட விடவில்லை. கறுப்பன் வந்து மோந்தது, விலகிப் போனது, திரும்பி வந்து மறுபடியும் மோந்தது. மதியம் ஆனது. இயந்திரக்காரர் முணுமுணுத்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்ணே?" என்று எரிச்சலாகவே கேட்டேன்.

"பார்க்காட்டி அது தேடிக்கொண்டே இருக்கும், மணி. அம்மா செத்த நேரம் நான் முகம் பார்க்கேல்லை. சண்டைக்குள்ள போக முடியேல்லை. இண்டைக்கும் வெளிநாட்டு நம்பர் ஒண்டு அடிச்சால், அம்மாவாக்கும் எண்டுதான் கை போகுது."

கறுப்பன் கடைசியில் தலையைக் குனிந்து புல் மேயத் தொடங்கியது. "இப்ப கொண்டுபோகலாம்" என்றார். தனியாக விட்டால் லாமா ஏங்கிப்போகும் என்று அதே வாரம் இன்னொன்றை வாங்கி வந்து புதுசு என்று பெயர் வைத்தார். புதுசுக்குக் கறுப்பனைவிட வயது அதிகம்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். அப்படியிருந்தும் யோகனின் இறுதிச் சடங்கன்று கார் நிறுத்துமிடத்தைத் தாண்டவில்லை. சாந்தி வெளியே வந்து கையைப் பிடித்தார். "ஒருக்கா வந்து பாருங்கோவன் அண்ணா. பெட்டியை மூடப் போறாங்கள்."

"சிரிச்ச முகமாவே மனசுல இருக்கட்டும்மா" என்றேன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. உண்மையில் எனக்குப் பயம். அந்த ஐந்து நிமிடத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது. என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சாந்தி சிட்னிக்குத் திரும்பும் முன் யோகனின் பழைய வண்டிச் சாவியையும், லாமாக்களுக்கு நகம் வெட்டும் கத்திரியையும் என் கையில் கொடுத்தார். யோகனிடமிருந்து என்னிடம் இருப்பவை அவைதான்; கூடவே கறுப்பனும் புதுசும். கோடைக்கு முன் ரோமம் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். தண்ணீரை வயிற்றுக்குக் கீழேதான் அடிக்கிறேன். தடவுவதில்லை, பக்கத்தில் நிற்கிறேன்.

யோகனின் வண்டிச் சத்தம் கேட்டதும் கறுப்பன் மேய்ச்சலை விட்டு வேலிக் கதவுக்கு ஓடி வருகிறது. இறங்குவது நான் என்று கண்டதும், என்னைத் தாண்டிக் கழுத்தை நீட்டி வண்டிக்குள் பார்க்கிறது. நானும் திரும்பிப் பார்க்கிறேன்.