குணாக்கா கேட்ட காய்ந்த தரை

எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த நீரைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது குணாக்காவின் மகள் தேவி போனில் அழைத்தாள். "அக்கா, அம்மா போய்ட்டாங்க. டீ குடிச்சிட்டு கிளாஸ கீழ வச்சாங்க, அப்டியே சாஞ்சிட்டாங்க." பழக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். எதற்குக் குறித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

காசிமேட்டு ஏலக்கூடத்தை அறிந்தவர்களுக்குக் குணசுந்தரி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகள் அங்கே மீன் ஏலம் எடுத்து விற்றவர். படகு கரை திரும்பவில்லை என்றால் துறைமுக நிருபரான நான் முதலில் கேட்பது அவரைத்தான். "தெரிலன்னா தெரிலன்னு சொல்வேன், அட்ச்சிவுட மாட்டேன்" என்பார். அப்படியேதான் இருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் போன் செய்தார். "ரிப்போட்டரம்மா, வூட்ல மரத்துல தரை போடணும். கப்பல்ல வருதே வெளிநாட்டு மரம், அது. கூட வா." ஏதோ ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் அரைமணி நேரம் காத்திருந்தாராம். "காலு காஞ்சிபோச்சு, தெரிமா? மொத தபா." ஐஸ் உருகிய நீரிலும் மீன் கழுவிய நீரிலும் நின்ற கால்கள் அவை. விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறியதே இல்லை. அதை அன்றுதான் எனக்குச் சொன்னார்.

மாதவரம் பக்கம் ஒரு மரக்கிடங்குக்குப் போனோம். மீன் பார்ப்பதுபோலவே மரம் பார்த்தார். பர்மா தேக்கை முகர்ந்து, "எண்ண வாசன தூக்குது, வேணாம்" என்றார். மலேசியாவிலிருந்து வந்த சிவந்த பலகை ஒன்றின் மேல் தன் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். செம்பழுப்பாகச் சாயம் இறங்கியது. "இன்னா நைனா, சூர மீன வெட்டனா மாதிரி ரத்தம் வுடுது?"

கடைக்காரர் சிரித்தார். "மரத்துக்குக்கூட செவுளு தூக்கிப் பாப்பியாக்கா?"

"செவுளு பாக்காம வாங்கனவன் எவனாவது நல்லா கீறானா?"

கடைசியில் தென்னமெரிக்க மரம் ஒன்று, கரும்பழுப்பு. அவர் கட்டைவிரல் நகம் அதில் பதியவில்லை. ஆணி இறங்காது, துளை போட்டுத்தான் திருகாணி முடுக்க வேண்டும் என்றார் கடைக்காரர். "ஆனா ஒண்ணுக்கா. எவ்ளோ கெட்டி மரமா இருந்தாலும் பக்கெட்டு பக்கெட்டா தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது. உள்ள எறங்கி உப்பிக்கும். பிழிஞ்ச துணியால தொடைக்கணும்."

"அதுக்குத்தான்யா வாங்கறேன். நான் செத்தாகூட என் வூட்டுக் கூடத்துல ஒரு பக்கெட்டு தண்ணி வுழாது."

சிரித்தோம். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

பதிக்கும் முன் பலகைகள் வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டுமாம். இரண்டு வாரம் திருவொற்றியூர் வீட்டில் அவை அடுக்கிக் கிடந்தன. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் போன். "இன்னிக்கு மழ. மரத்துக்கு ஜொரம் கிரம் வருமா?" பதித்த பிறகு, சந்தையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவி, விரல் விரலாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். புண் முழுதாக ஆறவில்லை. ஆறிவிட்டதாகவே எல்லோரிடமும் சொன்னார்.

அந்தத் தரையில்தான் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். அன்று மாலையே எடுத்தார்கள். ஆண்கள் மயானத்துக்குப் போனதும் அவருடைய அக்கா அஞ்சலை இரண்டு பக்கெட் தண்ணீரோடு கூடத்தின் வாசலுக்கு வந்தார். உடல் கிடந்த வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகுதான் அந்தத் தெருவில் விளக்கேற்றுவார்கள். தேவி குறுக்கே நின்றாள்.

"பெரிம்மா, ஊத்தாத. தொடச்சிக்கலாம்."

"தொடச்சா தீட்டு போவுமாடி? நாளிக்கு எவ உன் வூட்டுப் படி ஏறுவா?"

அது வெறும் மிரட்டல் இல்லை. தேவி அந்தக் கூடத்தில்தான் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறாள். அவர்கள் வராவிட்டால் பிழைப்பு இல்லை.

"அம்மா வேணாம்னாங்க."

"யாராண்ட சொன்னா?"

தேவி என்னைப் பார்த்தாள். எத்தனையோ சாவு வீடுகளில் சுவரோரம் நின்று குறிப்பெடுத்திருக்கிறேன். ஒன்றிலும் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன். குணாக்கா சொன்னதைச் சொல் மாறாமல் சொன்னேன்.

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவ சொல்வா. சொல்ட்டு போய்ட்டா. இந்தத் தெருவுல இருக்கப்போறது இந்தப் பொண்ணு. நீயா வந்து இருப்ப?"

நான் தேவியைப் பார்த்தேன்.

அஞ்சலை பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். வாசற்படியில் நின்று முதல் பக்கெட்டைத் தெருவைப் பார்த்து ஓங்கி வீசினார். அப்புறம் கூடத்தைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார்: "நல்லா தேச்சிக் கழுவுங்கடி! மூல முடுக்கெல்லாம் ஊத்து!" உள்ளே தேவி மண்டியிட்டு, பிழிந்த துணியால் பலகை பலகையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை மேலும் இரண்டு முறை பக்கெட்டுகளை நிரப்பி வந்து படியிலேயே கொட்டினார். தெரு முழுக்கத் தண்ணீர் ஓடியது. பிறகு உள்ளே வந்து விளக்கை அவரே ஏற்றினார்.

பதினாறாம் நாள் போயிருந்தேன். கூடத்தைக் கழுவவில்லை என்று தெருவுக்கே தெரியும் என்றாள் தேவி. தைக்கத் துணி வருகிறது. இரண்டு பேர் மட்டும் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா. மறைச்சு இன்னா பண்றது" என்றாள்.

டீசல் விலை, புயல், காணாமல்போன படகுகள் என்று குணாக்காவிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். கால் வலிக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது ஏலக்கூடத்தில் யாரிடம் பேசப் போனாலும் முதலில் அவர்கள் எதில் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பார்வை ஒன்றுதான். அது என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை.