வயலினுக்கு நடுவே ஒரு மிதி

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸின் விளிம்பைத் தேய்ப்பவள் அவள். சாயங்காலமானால் மாடி அறையில் உட்கார்ந்து இசை எழுதுவாள். கேட்டவர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு மணி பார்ப்பார்கள்.

கீழ் வீட்டில் கொழுந்தன், வயலின்காரன். ஹோட்டலில் மென்றுகொண்டிருப்பவர்களுக்கு வாசித்து வாசித்து அலுத்துப்போனவன். ஊரின் பெரிய வாத்தியக் குழுவில் ஒரே ஓர் இடம் காலி. தேர்வுக்கு வருகிறவர் இதுவரை யாரும் வாசிக்காத தனிப் படைப்போடு வர வேண்டும் என்பது நிபந்தனை.

"அண்ணி, இதை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல."

பாதி எழுதிக் கொடுத்தாள். அப்புறம் பேனா நகரவில்லை. நடுவில் எதுவோ குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை. தரையில் காதை வைத்து, கீழே அவன் பழகுவதைக் கேட்டாள். வயலின் உச்சத்துக்கு ஏறியது. நின்றது. தொம். மறுபடி ஏறியது. தொம், தொம். அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கீழே நடந்தது வேறொன்றுமில்லை, ஒரு கரப்பான்பூச்சி. முதல் மிதியில் தப்பித்துவிட்டது.

மறுநாள் வந்த தாளில் 'இங்கே காலால் ஓங்கி மிதிக்கவும். பிறகு இருமுறை' என்றிருந்தது. அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அண்ணியைக் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பாள். அண்ணனைப் பிடித்தான்.

"எதுக்குண்ணே மிதிக்கச் சொல்றாங்க?"

"அவ காரணமில்லாம எதுவும் செய்ய மாட்டாடா. என்னைக் கட்டிக்கிட்டதைத் தவிர."

மிதித்துப் பழகினான். 'பையன்கிட்ட விஷயம் இருக்கு' என்று மாடியில் அவள் மீதியை மடமடவென்று முடித்தாள்.

தேர்வன்று முதல் மிதியிலேயே நடுவர் பேனாவைக் கீழே போட்டார். வாசித்து முடித்ததும், "அந்த மூணு மிதியில என்ன சொல்ல வர்றீங்க?" என்றார்.

கொழுந்தனுக்கு வியர்த்தது. "அதை வாயால சொன்னா போயிடும் சார்."

நடுவர் கண்ணை மூடித் தலையாட்டினார். இடம் கிடைத்துவிட்டது.

குழு இப்போது அவளிடமே இன்னொரு படைப்பு கேட்டிருக்கிறது. மாதக்கணக்காகத் தரையில் காதை வைத்துக் கிடக்கிறாள். கீழே வயலின் மட்டும்தான் கேட்கிறது.

"முன்ன அவன் வாசிப்புல ஒண்ணு இருந்துச்சுங்க. இப்ப அது இல்ல."

புருஷனுக்கும் புரியவில்லை. "அவனுக்கு என்னடி குறை? வேலை கிடைச்ச சந்தோஷத்துல அவன் வீட்டுக்குப் பூச்சி மருந்துகூட நானே அடிச்சுக் குடுத்தேனே."