சாந்த குணம் என்று எழுதினேன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாய் வேறு. கேட்ட கேள்விக்குப் பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், நானே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். பிள்ளைகளிடம் மட்டுமில்லை, எல்லாரிடமும் அப்படித்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒருத்திக்கு நான் செய்த கெடுதலைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு இதுதான் காரணம்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான எண்பத்தொன்பதில் என் வீட்டுக்காரருக்கு இங்கே மாற்றல் ஆனது. வேலூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து வேங்கிக்காலில் வாடகைக்கு வீடு பிடித்தோம். எங்கள் சபை சின்னது, குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எடுத்துப்போட்டு வேலை செய்கிறவள் என்று பார்த்து வந்த வருஷமே என்னைப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளராக்கிவிட்டார்கள். சங்கத்தின் முக்கியமான ஊழியம் சனிக்கிழமைக் கஞ்சி. சபைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் பெரிய அலுமினியக் குண்டானில் கஞ்சி காய்ச்சி, ஆட்டோவில் ஏற்றி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். படுக்கை படுக்கையாகப் போய் ஊற்றுவோம், நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசுவோம், கேட்கிறவர்களுக்கு ஜெபம் செய்வோம். பௌர்ணமி சனிக்கிழமையில் வந்துவிட்டால் மட்டும், கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகராது என்று வெள்ளிக்கிழமையே முடித்துவிடுவோம்.

எங்களோடு வந்தவர்களில் அவள் ஒருத்தி. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மல்லாட்டைக் காட்டில், அதாவது நிலக்கடலைக் கொல்லையில், களையெடுத்துக்கொண்டிருந்தவள், டவுனுக்கு வந்து ஒரு லாட்ஜில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்க மாட்டாள், ஆனால் பாட்டெல்லாம் மனப்பாடம். என்னைக் கண்டால் எழுந்து நின்றுவிடுவாள். நான் பத்து வார்த்தை பேசினால் அவளிடமிருந்து ஒரு 'சரிங்க' வரும்.

ஆஸ்பத்திரியில் அவள் நேரே குழந்தைகள் வார்டுக்குப் போய்விடுவாள். நான் பெண்கள் வார்டை ஒரு சுற்று முடித்துவிட்டு அங்கே எட்டிப் பார்த்தால், ஒரே படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மீதிப் படுக்கைகள் அப்படியே கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தலை தெரிந்ததும் எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு மளமளவென்று அடுத்த படுக்கைக்குப் போவாள். சொன்னால்தான் நகர்வாள் என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றிரண்டு வாக்கில் எனக்கும் பாட்டு நடத்துகிற அக்காவுக்கும் முட்டிக்கொண்டது. கடைசி நிமிஷத்தில் பாட்டை மாற்றச் சொன்னேன், அந்த அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அரை வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. போதகர் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், மெட்ராஸிலிருந்து ஒருவரை வரவழைத்து ஒருநாள் வகுப்பு வைத்தார். மனுஷர்களின் குணத்தைப் பற்றிய வகுப்பு. ஊழியத்தில் சண்டை வருவது பாவத்தால் மட்டுமில்லை, ஒருவர் குணம் ஒருவருக்குப் புரியாததாலும் வருகிறது என்றார் அவர். கரும்பலகையில் நாலு கட்டம் போட்டார். முன்னால் நிற்கிறவர், கலகலப்பானவர், யோசிக்கிறவர், சாந்தமானவர்.

அந்த வகுப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அக்கா யோசிக்கிறவர். இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டால் தங்கமாகப் பாடித் தருவார், திடீரென்று சொன்னால் கைகால் ஓடாது. இது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சாப்பாட்டு வேளையில் நானே போய்ப் பேசினேன். அதற்கப்புறம் சாகிறவரை அந்த அக்கா எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி இருந்தார். அதனால்தானோ என்னவோ, அந்த நாலு கட்டத்தின்மேல் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். வரிசையாகக் கேள்விகள், பக்கத்தில் ஆம், இல்லை என்று கட்டம். "அவங்கவங்க தாளை அவங்கவங்கதான் எழுதணும்"னு வகுப்பெடுத்தவர் இரண்டு தரம் சொன்னார். மறுநாள் பௌர்ணமி. சாயங்காலத்துக்குமேல் பஸ்ஸில் கால் வைக்க முடியாது என்று அவருக்கு அவசரம். நான் என் தாளை முடித்துவிட்டுப் பார்த்தேன். அவள் வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"குடு இப்படி, நான் எழுதறேன்" என்று வாங்கினேன். முதல் கேள்வியைப் படித்தேன். கூட்டத்தில் கலகலப்பாகப் பேசுவீர்களா?

"எந்தக் கூட்டம்ங்க டீச்சர்? எங்க ஊர்ல மல்லாட்ட ஆயற எடத்துலன்னா..."

"இங்க கேக்கறாங்கம்மா." இல்லை என்று டிக் போட்டேன். அறிமுகமில்லாதவர்களிடம் பேசத் தயங்குவீர்களா?

"ஆஸ்பத்திரில தயங்க மாட்டேங்க. அங்க எனக்கு..."

"ஆமாவா, இல்லியா? அத மட்டும் சொல்லு. கதையெல்லாம் வேணாம், அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களே போட்டுடுங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாததா?"

போட்டேன். தயங்குவேன் என்று போட்டேன். மீதிக் கேள்விகளை அவளுக்குப் படித்துக் காட்டக்கூட இல்லை. அவர் கூட்டிப் பார்த்து, "இந்தச் சகோதரி சுத்தமான சாந்த குணம்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். பரீட்சையில் என் பிள்ளை நான் நினைத்த மார்க்கையே வாங்கினமாதிரி.

அடுத்த வாரமே குணத்தை வைத்து ஊழியத்துக்குப் பட்டியல் போட்டேன். முன்னால் நிற்கிறவர்களும் கலகலப்பானவர்களும் வார்டுக்கு. சாந்தமானவர்கள் கொட்டகையில் கஞ்சி காய்ச்சவும் பாத்திரம் கழுவவும். சங்கத்தில் படித்துக் காட்டினபோது அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் வார்டுக்கு இல்லீங்களா?"

"உனக்குச் சமையல்மா. உன் குணத்துக்கு அதான் பொருத்தம். வாயில கொழுக்கட்டய வச்சிக்கினு ஒரே பெட்டுல ஒக்காந்துட்டா, மத்தவங்கள யாரு பாக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"பரிச்சைல அப்பிடித்தான் வந்துச்சுங்களா?"

"ஆமா."

"சரிங்க டீச்சர்."

அவள் சரி என்று உட்கார்ந்ததையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். பார், எவ்வளவு சாந்தம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதற்கப்புறம் அவள் எதைச் செய்தாலும் அந்தத் தாளுக்குப் பொருந்தியது. கொட்டகையில் தலையைக் குனிந்து அரிசி களைந்தால் சாந்தம். அதிசயமாய் ஒருநாள் வராமல் இருந்து, ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றால் அதுவும் சாந்தம். அழுக்கு வேலையெல்லாம் மெல்ல அவள் தலையில் வந்து விழுந்தது. 'அவ ஒண்ணும் நெனச்சிக்க மாட்டா' என்று நாங்கள் சகஜமாகப் பேசிக்கொண்டோம்.

ஒன்று மட்டும் வாரம் தவறாமல் கேட்பாள். ஆட்டோ திரும்பி வந்ததும், காலிக் குண்டானை இறக்கிக்கொண்டே, "கொழந்தைங்க வார்டுல இன்னிக்கி ஜாஸ்திங்களா, கம்மிங்களா?" என்பாள். ஜாஸ்தி என்றால் முகம் வாடிப்போகும். கம்மி என்றால் "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்பாள். ஏன் கேட்கிறாள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. எனக்குத்தான் அவளைப் பற்றி எல்லாம் தெரியுமே.

ஏழு வருஷம் இப்படியே போனது. குழந்தைகள் வார்டில் பழைய நர்ஸம்மா ஒருவர் இருந்தார். பட்டியல் போட்ட சமயத்தில்தான் அவர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போயிருந்தார். தொண்ணூற்றொன்பதில் திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு விசாரித்தார்.

"உங்ககூட ஒரு அம்மா வருவாங்களே டீச்சர், பேசிக்கினே இருப்பாங்க. அவங்கள எங்க காணோம்?"

எங்கள் குழுவில் வாயாடிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொருத்தராக அடையாளம் சொல்லிப் பார்த்தேன். யாருமில்லை என்று தலையாட்டினார். "ஒல்லியா, கறுப்பா இருப்பாங்க. புருவத்துல ஒரு தழும்பு."

"அவளா? அவ வாயே தொறக்க மாட்டாளே."

நர்ஸம்மா சிரித்துவிட்டார். "நல்லா சொன்னீங்க போங்க. அவங்க வந்தா இந்த வார்டே சிரிக்கும். புள்ளய அட்மிட் பண்ணிட்டு ரெண்டு நாளா பச்சத்தண்ணி குடிக்காம கெடந்த ஒரு பொம்பளய அதட்டி, கொஞ்சி, கத சொல்லி, கஞ்சிய ஊட்டியே உட்டாங்க. நீங்க வாசல்ல வந்தீங்கன்னா மட்டும் கப்சிப். 'எங்க டீச்சர் வந்துட்டாங்க'னு எழுந்து ஓடுவாங்க."

அவரே மேலே சொன்னார்.

"பாவம், அவங்க கொழந்த இங்கதான தவறிச்சு. அதோ, அந்தக் கடைசி பெட்டு. அப்ப கூட ஒக்கார ஒரு ஆளில்ல அவங்களுக்கு. 'அதுக்காகத்தான் சிஸ்டர் நான் வரேன், ஒருத்திகூடயாவது ஒக்காரணும்'னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்" என்று பொய் சொன்னேன்.

'அங்க எனக்கு' என்று அவள் ஆரம்பித்து நான் வெட்டின வாக்கியம் அதுதான். அதன் மீதியை ஏழு வருஷம் கழித்து வேறொருத்தர் வாயிலிருந்து கேட்டேன். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் என் எதிரில்தான் சாந்தம். அவள் குணம் என்று நான் எழுதினதெல்லாம் என்னைக் கண்டு அவளுக்கு இருந்த பயம். அந்தத் தாளில் இருந்தது என் குணம், அவளுடையதில்லை.

ஆட்டோ கொட்டகைக்கு வந்ததும் நேரே அவளிடம் போனேன். குண்டானுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வர்ற வாரத்துலேர்ந்து நீ வார்டுக்கு வரணும்."

"எனக்கு அது வராதுங்க டீச்சர்."

"யார் சொன்னது?"

"நீங்கதானங்க. பரிச்சைல வந்துச்சே."

"அது பரீட்சையே இல்லம்மா. உன்னக் கேக்காம நானா டிக் போட்டது. தப்பா போட்டுட்டேன். என்ன மன்னிச்சிடு."

அவள் பதறிப்போனாள். கையெல்லாம் சாம்பல், என் கையைப் பிடிக்கவும் முடியாமல் தவித்தாள். "விடுங்க டீச்சர், இன்னாத்துக்கு இந்தப் பேச்சு? நீங்க தப்பா போடுவீங்களா? ரத்தம் எடுத்துப் பாத்துச் சொல்ற மாதிரி சொன்னீங்க. அப்பறம் நானும் கெவனிச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருக்குது. இப்பல்லாம் எனக்கு யார்கிட்டயும் பேசவே வர மாட்டேங்குது."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த வித்தை தெரியாது. நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை பிடிவாதமாக அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அப்போதும் அவளைக் கேட்கவில்லை, என் குணம் எங்கே போகும்? துவைத்த புடவை கட்டி, தலையை வாரி வந்திருந்தாள். வழியெல்லாம் குண்டானைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். குழந்தைகள் வார்டு வாசலில் அவள் கால் நின்றுவிட்டது. கடைசிப் படுக்கையில் சின்ன வயசுத் தாய் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குழந்தைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கூட யாருமில்லை.

டம்ளரில் கஞ்சி ஊற்றி அவள் கையில் கொடுத்து, முதுகில் கைவைத்து மெல்ல உள்ளே தள்ளினேன். "போம்மா. போய்ப் பேசு."

இரண்டடி போய்த் திரும்பி என்னிடமே வந்தாள். காதோடு கேட்டாள்.

"இன்னா பேசணும்ங்க டீச்சர்? நீங்க சொல்லிக் குடுங்க, அதயே சொல்றேன்."

வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்குப் பதில் சொல்லியே பழகினவளுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நான் இல்லாவிட்டால் பேசுவாள் என்று நர்ஸம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "நீ போ, நான் வெளில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் அவள் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் போய் நின்றேன்.

அவள் குரல் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டால்கூடப் போதும், ஆண்டவரே என்று நின்றேன். எந்தப் படுக்கையிலோ ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ ஸ்டூலை இழுத்தார்கள். வேறு சத்தமில்லை.

கால் மணி நேரம் பொறுத்து எட்டிப் பார்த்தேன். கஞ்சி டம்ளரைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அந்தச் சின்ன வயசுத் தாய் தனியாகத் தன் குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் தலை தெரிந்ததும் சுவரோரம் இருந்தவள் நிமிர்ந்து நின்றாள்.

"கெளம்பலாங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.