ஒரு டப்பாவில் இரண்டு பாலாஜி

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் ஒரு பெண் பார்க்கும் வைபவம். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் சரிதான். மாப்பிள்ளைதான் தப்பு. தப்பு செய்தது யார்? நான்தான்!

வடபழனியில் கல்யாணத் தகவல் மையம் நடத்தும் தேவராஜ் எனக்குத் தெரிந்தவர். தி.நகரில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த தைரியத்தில், அவருக்கு நானே ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன்.

அந்த வெப்சைட்டை எழுதிய கம்ப்யூட்டர் மொழியில் 'வேரியபிள்' என்று ஒன்று உண்டு. விவரங்களைப் போட்டு வைக்கும் டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அதற்கு நாம்தான் பெயர் வைக்க வேண்டும். ஆனால், ஓடும்போதே புரோகிராம் தானாகப் பெயர் வைத்துக்கொள்ளும்படியும் செய்யலாம். விடுவேனா? பதிவு செய்கிற ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் அவர் பெயரிலேயே ஒரு டப்பா... என்ன அழகு!

சென்னையில் எத்தனை பாலாஜி என்று யோசித்தேனா? இல்லை.

முதல் பாலாஜி நன்றாகப் பாடுவார். மயிலாப்பூர் பாட்டு வாத்தியார் ஒருவர், தன் மகள் வித்யாவுக்காக அந்த விவரத்தைப் பிரிண்ட் எடுத்துப் போனார். மறுநாள் ஆதம்பாக்கத்திலிருந்து இன்னொரு பாலாஜி பதிவு செய்தார். அதே பெயர், அதே டப்பா – பழைய விவரம் அழிந்து, புதியது உட்கார்ந்துகொண்டது. "பாலாஜியை வரச் சொல்லுங்கோ" என்று வாத்தியார் போன் செய்ய, தேவராஜ் திரையில் இருந்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். வெப்சைட் சேர்த்து வைக்கும் முதல் ஜோடி என்று என்னையும் அழைத்துப் போனார்.

வாத்தியார் சுருதிப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். "ஒரு வர்ணம் பாடுங்கோ, கேட்போம்."

பாலாஜி, எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார். "சார்... எனக்குப் பாட வராதே. பாத்ரூம்ல கூடப் பாட மாட்டேன்."

வாத்தியார் பிரிண்ட்டைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, டப்பா கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"கிளம்புடா, போலாம்" என்று பாலாஜியின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மாமி, கொஞ்சம் இருங்கோ" என்றாள் வித்யா. அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நம்ம ஆத்துல விடிஞ்சதுலேர்ந்து பாட்டுதான்பா. எனக்குப் பாடாத ஒருத்தர் போறும்."

பாலாஜி மறுபடியும் பஜ்ஜியை எடுத்தார். தை மாதம் முகூர்த்தமாம்!

முதல் பாலாஜியிடம் மன்னிப்புக் கேட்டு அவரை மீண்டும் பதிவு செய்தேன். இப்போது டப்பாக்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பார்த்த தேவராஜ் முகம் சுளித்தார்.

"இன்னா மேடம் இது, மாப்ளைங்களுக்கு நம்பரு? ஜெயிலு கணக்கா கீது!"

"இப்பவே பழகிக்கட்டும் சார்" என்றேன்.